இரண்டு இஞ்ச் குறைத்து

அந்தத் தெருவில் இருபத்திரண்டு வருஷமாகப் பேண்ட் தைக்கிற டெய்லருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆளின் இடுப்பில் டேப்பைச் சுற்றுவார், நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்குவார், எண்ணைப் பார்ப்பார், பார்த்ததில் இரண்டு இஞ்சைக் கழித்துவிட்டுச் சத்தமாகச் சொல்வார். டேபிளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அளவு நோட்டு எழுதுகிற அவர் மனைவி, காதில் விழுந்ததோடு இரண்டைக் கூட்டி எழுதிக்கொள்வாள். முப்பத்தெட்டு இஞ்ச் இடுப்புக்காரர் தன்னை முப்பத்தாறு என்று நம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். தைத்து வருகிற பேண்டும் கச்சிதமாக உட்காரும். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்றுதான் டெய்லர் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடை போட்ட புதிதில் உண்மையைச் சொல்லிப் பார்த்தவர்தான் அவரும். நாற்பது என்று சொல்லக் கேட்ட ஒருவர், உன் டேப் சுருங்கிப்போயிருக்கிறது என்றார். நாற்பத்திரண்டு என்று கேட்டவர் மறு வாரம் எதிரிலிருந்த டெய்லர் கடையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு யோசனை சொன்னவள் மனைவி. நீங்கள் குறைத்துச் சொல்லுங்கள், நான் கூட்டி எழுதிக்கொள்கிறேன் என்றாள். அன்றிலிருந்து அது புருஷன் பெண்டாட்டிக்குள் ஓடுகிற கள்ளப் பாஷை. நாக்குக்குப் பழகிப்போய், கழிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கழிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அப்படிப்பட்டவரிடம் போய் ஒரு காலையில் நர்ஸம்மா டேப் கேட்டார்.

சுகாதார நிலையத்திலிருந்து தெருவிலுள்ள கடைக்காரர்களையெல்லாம் சோதித்துப் பார்க்க வந்திருந்தார்கள். தெருக்கோடியில் சும்மா கிடந்த ஓர் அறையில் இரண்டு பெஞ்ச், ஒரு மேஜை, பிரஷர் பார்க்கிற கருவி. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்ததால் தெருவே பசியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வரிசையில் நின்றது. நர்ஸம்மா கொண்டுவந்த பிளாஸ்டிக் டேப் முதல் ஆளிலேயே பட்டென்று அறுந்துவிட்டது. அந்த முதல் ஆள் தெருவிலேயே பெருத்தவரான செருப்புக்கடைக்காரர் என்பதால் யாரும் ஆச்சரியப்படவில்லை. டெய்லரைக் கூப்பிடுங்கள் என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

டெய்லருக்கு ஒரே பெருமை. இரண்டு டேப்போடு வந்தார். பெண்களை நர்ஸம்மாவே ஒரு டேப்பை வாங்கித் தடுப்புக்குப் பின்னால் அளந்தார். ஆண்கள் பதினேழு பேரை டெய்லரிடம் விட்டார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, டேப் தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். டெய்லர் அதில் ஒரு குறை வைக்கவில்லை. சரியான இடத்தில் சுற்றினார், சரியாகப் பார்த்தார். வாயைத் திறந்தபோதுதான் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. அவர் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதினார். கூட்டி எழுத வேண்டியவள் ஊரில் இல்லை. தங்கை மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அளந்து முடித்தபிறகு நர்ஸம்மா எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். ஐந்து விஷயம் பார்க்கிறோம் என்றார். இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பு, பிறகு நல்ல கொழுப்பு என்று ஒன்று உண்டாம், அது குறைந்துபோயிருக்கிறதா என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு உண்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சம் தாண்டியிருந்தால் உடம்புக்கு ஒன்றுமே தெரியாது. வலிக்காது, காய்ச்சல் வராது, தூக்கம்கூடக் கெடாது. ஆனால் ஐந்தில் மூன்று ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் அந்த ஆள் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்கும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அவர் மற்றவர்களைவிடப் பக்கத்தில் நிற்கிறார் என்று அர்த்தம். வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேருகிற கொழுப்புதான் இதற்கெல்லாம் பெரிய காரணம், அதனால்தான் டேப்பை எடுத்திருக்கிறோம் என்றார்.

இதைக் கேட்டு அதிகம் பயந்தவன் டெய்லரின் மச்சினன், மனைவியின் தம்பி. பக்கத்துக் கடையில் இஸ்திரி போடுகிறவன். வயது நாற்பத்தாறு, வாய் நிறையச் சிரிப்பு, அவனுக்கு முன்னால் அரை அடி போகிற வயிறு. மறுநாளே டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்றான். ஒரு ஜோடி ஷூ வாங்கி, விடிந்ததும் விளையாட்டு மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தான். பத்து நாளில் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது மாமா என்று சந்தோஷப்பட்டான்.

பதினோராம் நாள் ஆளுக்கொரு சீட்டு வந்தது. மச்சினனுக்குப் பிரஷர் நூற்று முப்பத்தெட்டு, சர்க்கரை நூற்றுப் பன்னிரண்டு; இரண்டுமே கோட்டைத் தாண்டியவைதான். கொழுப்புகள் இரண்டும் சரி. இடுப்பு முப்பத்தைந்து இஞ்ச், அதாவது எண்பத்தொன்பது சென்டிமீட்டர். ஆண்களுக்குத் தொண்ணூறு வரை விட்டுவைக்கிறார்கள். ஐந்தில் இரண்டு. உணவில் கவனம், அடுத்த வருஷம் மறுபடி பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. அவன் கண்ணில் பட்டது 'அடுத்த வருஷம்' மட்டும்தான். ஒரு பெட்டி இனிப்பு வாங்கிவந்து டெய்லருக்கு இரண்டு கொடுத்துவிட்டு மிச்சத்தை நின்ற நிலையிலேயே முடித்தான். ஷூ பரணுக்குப் போயிற்று.

மறுநாள் மனைவி ஊரிலிருந்து வந்து நேராக டேபிளில் உட்கார்ந்தாள். முதல் வாடிக்கையாளர் ஒரு பஸ் கண்டக்டர். டெய்லர் அளந்து, முப்பத்துநாலு என்றார். மனைவி தலைகுனிந்து முப்பத்தாறு என்று எழுதினாள். அந்த ஆறைப் பார்த்த இடத்தில்தான் டெய்லருக்குப் பொறி தட்டியது. நர்ஸம்மாவின் பேனா நினைவுக்கு வந்தது. அது எதையும் கூட்டவில்லை.

கண்டக்டரின் கால் நீளத்தை மூன்று தடவை அளந்தார், மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது. முப்பத்தைந்து என்று சொன்னது முப்பத்தேழு. முப்பத்தேழு என்றால் தொண்ணூற்றுநாலு சென்டிமீட்டர். ஐந்தில் மூன்று. மச்சினன் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், நின்றுகொண்டு இனிப்புத் தின்கிறான்.

மாமனார் போன விதத்தை டெய்லர் கண்ணால் பார்த்தவர். நாற்பத்தெட்டு வயது மனுஷன், அதே இஸ்திரிக் கடையில், சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்காருகிறேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் கொண்டுவந்த டெய்லர் டம்ளரோடு நின்றதுதான் மிச்சம். மச்சினனுக்கு அதே தோள், அதே நடை, அதே வயிறு. இன்னும் இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்று டெய்லரின் மனசு தானாகவே கணக்குப் போட்டது. அப்படிப் போட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்பது சுலபம். சொன்னால் ஏன் குறைத்தாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் தெரு முழுக்க இருபத்திரண்டு வருஷக் கதை நாறும். அதைவிடப் பெரிய பயம் மனைவி. உன் தம்பியை நான்தான் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்று எழுதவைத்தேன் என்று எந்த வாயால் அவளிடம் சொல்வது? இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று தள்ளினார். தள்ளத் தள்ளப் பயம் கொழுத்தது.

இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். இஸ்திரிப் பெட்டியை அதன் தகட்டில் வைக்கும்போதெல்லாம் டொக் என்று கேட்கும். முன்பெல்லாம் காதிலேயே விழாத சத்தம். இப்போது டெய்லர் அதை எண்ண ஆரம்பித்தார். டொக் கேட்டால் மச்சினன் இருக்கிறான். இரண்டு நிமிஷம் கேட்கவில்லை என்றால் தையல் மிஷினில் கால் நின்றுவிடும், எழுந்து ஓடுவார். அங்கே அவன் யாரிடமாவது அரட்டை அடித்துக்கொண்டிருப்பான், அல்லது மூன்றாவது சமோசாவைக் கடித்துக்கொண்டிருப்பான். என்ன மாமா, அடிக்கடி வர்றீங்க என்பான். ஊசி இருக்கா என்று கேட்பார் டெய்லர். இஸ்திரிக் கடையில் வந்து ஊசி கேட்கிற டெய்லரை மச்சினன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஐந்தாம் நாள் டெய்லருக்கு ஒரு யோசனை உதித்தது. பயந்தவன் மூளையில் உதிக்கிற யோசனை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மச்சினன் ஜிப் மாற்றச் சொல்லி இரண்டு பேண்ட் கொடுத்திருந்தான். ஜிப்போடு சேர்த்து இரண்டின் இடுப்பையும் இரண்டிரண்டு இஞ்ச் பிடித்துத் தைத்துவிட்டார். போட்டுப் பார்ப்பான், பட்டன் எட்டாது, ஐயோ பெருத்துவிட்டோமே என்று பயந்து அவனாகவே ஆஸ்பத்திரிக்கு ஓடுவான், ஒருவர் மானமும் போகாது. இதுதான் திட்டம். அன்று ராத்திரி டெய்லர் பல நாளுக்குப் பிறகு கொஞ்சம் தூங்கினார்.

ஆனால் அந்தப் பேண்ட் போன இடம் இஸ்திரிக்காரன் கை. தினம் நூறு துணியின் உள்பக்கத்தைப் பார்க்கிறவனிடமா தையலை மறைப்பது? நாலு நாள் கழித்து, மத்தியான வேளையில், பேண்டை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தான். மனைவி நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பழைய தையல் ஓடிய ஊசித் தடம் தெரிந்தது. தானே எத்தனையோ தடவை அழுத்தித் தேய்த்த மடிப்புக் கோடும் தெரிந்தது. அதிலிருந்து உள்ளே தள்ளிப் புது நூல்.

"மாமா, இதைப் பிடிச்சுத் தைச்சது யாரு?"

"நான்தான்."

"நான் கேக்கலையே. எதுக்கு?"

டெய்லர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அன்னைக்கு உன் இடுப்பு முப்பத்தஞ்சு இல்ல மச்சான். முப்பத்தேழு."

மச்சினன் சிரித்துவிட்டான். இவ்வளவுதானா, இரண்டு இஞ்சுக்கா இந்த நாடகம் என்றான். புரிந்துகொண்டவள் மனைவிதான். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"அந்த நர்ஸம்மாகிட்டயுமா குறைச்சுச் சொன்னீங்க?"

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தம்பியின் சட்டைப் பையிலிருந்த சீட்டை உருவினாள். விரலை வைத்து எண்ணினாள். பிரஷர் ஒன்று. சர்க்கரை இரண்டு. இடுப்பில் வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது. நர்ஸம்மாவின் பேச்சை அவள் கேட்கவில்லையே தவிர, ஊரிலிருந்து வந்த அன்றே தம்பி ஒரு வார்த்தை விடாமல் நடித்துக் காட்டியிருந்தான். மூணு சேரக் கூடாதுக்கா, எனக்கு ரெண்டோட நின்னுபோச்சு என்று சொன்னவனே அவன்தான். இப்போது அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது. பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அப்பாவுக்கு அப்போ நாப்பத்தெட்டு," என்றான்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று மனைவி கேட்டாள். ஒன்பது நாள் என்றார் டெய்லர். ஒன்பது நாளும் தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுத்தீர்களா என்று கேட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகக் கேட்டாள். டெய்லருக்கு அழுகை வந்தது, அழுதார். கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் வாசலோடு திரும்பிப் போனார்.

அன்று சாயங்காலமே டெய்லர் சுகாதார நிலையத்துக்குப் போனார். நர்ஸம்மா முழுக்கக் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தால் அவர் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு ஆணுக்கும் இரண்டு இஞ்ச் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு பேரில் நாலு பேருக்குக் கணக்கு மாறியது. நாலு பேரையும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார் அவர். பேனாவை மூடி வைத்தார். நானே வந்து மறுபடி அளக்கிறேன், ஆனால் எதற்காக என்று நீங்கள்தான் ஒவ்வொரு கடையிலும் சொல்ல வேண்டும் என்றார்.

சொன்னார். கடை கடையாக ஏறிச் சொன்னார். செருப்புக்கடைக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டினார். சாவி செய்கிறவர், அப்போ நான் முப்பத்துரெண்டா இருந்ததே இல்லையா என்று மட்டும் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒல்லியான கடிகாரக்காரருக்கு மட்டும் கொண்டாட்டம். எனக்கும் குறைத்திருந்தாயே, நான் இன்னும் கொஞ்சம் சதைப்பிடிப்பான ஆள்தானா என்று கேட்டுத் தெருவையே சிரிக்கவைத்தார். டெய்லருக்குச் சிரிப்பு வரவில்லை. டெய்லரின் சொந்த உடம்பே பேண்டின் ஒரு காலுக்குள் ஒளிந்துகொள்கிற உடம்பு, இருபத்தொன்பது இஞ்ச். அதனால் தனக்கு ஒன்றும் இல்லை என்பதே அவருக்கு அந்த நேரத்தில் ஒரு குற்றமாகத் தெரிந்தது.

மச்சினனை டாக்டர் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். இது இன்னும் வியாதி ஆகவில்லை, வியாதிக்கு வழி திறந்திருக்கிறது, மூட முடியும் என்றார். ஆறு கிலோ குறைய வேண்டும். தினம் அரை மணி நேரம், பேச்சு வரும் ஆனால் பாட்டு வராது என்கிற வேகத்தில் நடக்க வேண்டும். இனிப்பும் எண்ணெயில் பொரித்ததும் மைதா மாவும் குறைய வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், ஒளித்து ஒளித்துப் பிடிக்கிற சிகரெட் அறவே நிற்க வேண்டும், ராத்திரி ஏழு மணி நேரம் தூங்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம். அப்பா எந்த வயதில் போனார் என்ற கேள்விக்கு மச்சினன் பதில் சொன்னதும் டாக்டர் அதைச் சீட்டில் எழுதி அடியில் கோடு போட்டாராம். அந்தக் கோட்டைப் பற்றி மச்சினன் இரண்டு தடவை சொன்னான்.

ஷூ பரணிலிருந்து இறங்கியது. டெய்லரும் கூடப் போனார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மைதானத்தில் மச்சினன் ஒரு சுற்றில் நின்று இடுப்பில் கைவைத்தால் டெய்லருக்கு உயிர் போய் உயிர் வந்தது. மனைவி கடையில் எழுதினாள், சமைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. வாடிக்கையாளர்களுக்கு இப்போது உண்மை அளவுதான். கேட்டவர்களில் இரண்டு பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். போகட்டும் என்றிருந்தார் டெய்லர்.

மறுபடி அளக்க வந்த நாளில் நர்ஸம்மா வேலையை முடித்துக்கொண்டு டெய்லர் கடையில் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பதிவேட்டைப் புரட்டியவர், நோட்டு எழுதிக்கொண்டிருந்த மனைவியைக் காட்டி, உங்க வீட்டம்மா பேரு இதுல இல்லையே என்றார். அன்றைக்கு ஊரில் இல்லை என்றார் டெய்லர். ஒரு நாள் கூட்டிவாருங்கள், தம்பிக்கு இப்படி இருக்கிறது, அப்பாவும் அப்படிப் போயிருக்கிறார், பார்த்துவிடுவது நல்லது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

டெய்லர் அப்படியே நின்றார். இத்தனை நாள் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவளும் அதே மனுஷனின் பிள்ளைதான் என்பது ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லை. ஊரெல்லாம் அளந்த கை அவளை அளந்ததில்லை. அவள் துணியை அவளே வெட்டித் தைத்துக்கொள்வாள்.

மனைவி நோட்டை மூடினாள். எழுந்து வந்து அவர் எதிரில் நின்று கையைத் தூக்கினாள்.

"அளங்க."

விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, அழுத்தாமல். பெண்களுக்கு எண்பது சென்டிமீட்டர், முப்பத்தொன்றரை இஞ்ச் என்று நர்ஸம்மா சொன்னது அவருக்கு மனப்பாடம். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"முப்பத்தேழரை," என்றார். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்.

அவள் கையை இறக்கினாள். எழுதப் போகவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாளுக்குப் பிறகு அவளாகப் பேசினாள்.

"அப்பா செத்துப்போன வருஷம் அவர் பேண்டை எத்தனை தடவை பிரிச்சு விட்டீங்க?"

யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்த விஷயம் அது. இடுப்புத் தையலைப் பிரித்துப் பெரிதாக்கி விடுகிற வேலை நோட்டில் ஏறாது. மாமனார் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுப்பார், இவரும் சிரித்துக்கொண்டே பிரித்து விடுவார். எந்த டாக்டருக்கும் முன்னால் அந்த வயிறு பெருத்ததைப் பார்த்தது அவர் கைதான்.

"ரெண்டு தடவை."

"அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லலை."

அவள் தலையை ஆட்டினாள். கண் நிறைந்திருந்தது. கோபம் அதில் இல்லை. அவள் பயந்துபோயிருந்தாள், டெய்லர் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"நான் இந்த வருஷம் என் ஜாக்கெட்டை மூணு தடவை பிரிச்சு விட்டுட்டேங்க," என்றாள். "நானும் யார்கிட்டயும் சொல்லலை."

மணி நாலுதான் ஆகியிருந்தது. சுகாதார நிலையம் ஐந்து வரை இருக்கும். டெய்லர் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.